‘ஓரிரு இடங்களில்’ என்ற சொல்லை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் நாளிதழ்களில் வரும் வானிலைச் செய்திகளின் மொழி பற்றி எழுதுகிறேன். வானிலை ஆய்வு மையத்திலிருந்து கிளம்பும் ஒரு வாக்கியம் செய்தி அறையைத் தாண்டி வாசகர் கைக்கு வருவதற்குள் சில சொற்கள் உதிர்ந்துவிடுகின்றன. அந்தச் சொற்களோடு, வாசகர் தானே யோசித்து முடிவெடுப்பதற்கான பிடியும் போய்விடுகிறது.

வழக்கமாக வரும் ஓர் அறிவிப்பைப் பார்ப்போம். “கடலூர் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை முதல் மிக கனமழை பெய்யக்கூடும்.” மறுநாள் காலை இதுவே தலைப்பில் “கடலூரில் இன்று மிக கனமழை” என்று ஆகிவிடுகிறது. பார்த்தால் சுருக்கம்தான். ஆனால் பொருள் முற்றிலும் மாறிவிட்டது.

‘ஓரிரு இடங்களில்’ என்பதைப் பேச்சில் போகிறபோக்கில் சொல்லும் சொல்லாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வானிலைத் துறையில் அது ஓர் அளவு. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பதிவானால் ‘ஓரிரு’ இடங்கள், 26 முதல் 50 வரை ‘ஒரு சில’, 51 முதல் 75 வரை ‘பல’, அதற்கும் மேலே ‘பெரும்பாலான’. ஒரு மாவட்டத்தில் 20 மழைமானிகள் இருப்பதாக வைத்துக்கொண்டால், ‘ஓரிரு இடங்களில் மிக கனமழை’ என்ற அறிவிப்பு ஐந்து இடங்களைத் தாண்டிப் பேசவில்லை. மீதிப் பதினைந்து ஊரில் வெயில் அடித்தாலும் அறிவிப்பு பொய்யாகாது. தலைப்பில் இடம் போதவில்லை என்று அந்த இரண்டு சொற்களை வெட்டினால், பதினைந்து ஊர்க்காரர்களும் வானத்தைப் பார்த்துவிட்டு, ‘மழைன்னாங்க, பொட்டுத் தண்ணி இல்ல’ என்கிறார்கள். இப்படி நாலு தடவை நடந்தால் ஐந்தாவது தடவை வரும் எச்சரிக்கையை யார் மதிப்பார்கள்? வானிலை மையம் சொன்னது சரி, ஆனால் கெட்ட பெயர் அதற்குத்தான். வெட்டிய கை யாருக்கும் தெரிவதில்லை.

அடுத்து ‘கனமழை’. அன்றாடத் தமிழில் குடை தாங்காத மழையெல்லாம் கனமழைதான். அறிவிப்பில் அதற்கு வரம்பு உண்டு. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 21-ம் அதற்கு மேலும் அதி கனமழை. இந்தக் கடைசி வகைக்கு மேல்வரம்பே கிடையாது என்பதை வாசகருக்கு யாரும் சொல்வதில்லை. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது. 21 செ.மீ.க்கும் அதே ‘அதி கனமழை’, 95 செ.மீ.க்கும் அதே ‘அதி கனமழை’. ஒரே பெயர் தாங்கிய இரண்டு மழைகளில் முதலாவது தெருவில் தண்ணீரைத் தேக்கும், இரண்டாவது ஊரையே துண்டிக்கும். ஆகவே வகைப் பெயரோடு எண்ணையும் எப்போதும் சேர்த்தே அச்சிட வேண்டும்.

எண் மட்டும் போட்டாலும் பலருக்கு அது பிடிபடாது. செ.மீ. என்பது துணிக்கடை அளவாகத்தான் மனதில் நிற்கிறது. ஒரு சதுர மீட்டர் தரையில் 1 செ.மீ. மழை என்றால் 10 லிட்டர் தண்ணீர். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் 20 செ.மீ. பெய்தால் ஏறத்தாழ 44,600 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி நான்கு வந்து ஒரே மனையில் கொட்டிவிட்டுப் போவதற்குச் சற்றே குறைவு. இப்படி ஒரு வரி சேர்த்தால், வீட்டு வாசலில் மண் மூட்டை போதுமா, மோட்டாரை மேலே தூக்கி வைக்க வேண்டுமா என்று வாசகரே கணக்குப் போடுவார். அந்த 20 செ.மீ. ஒரு நாள் முழுக்கப் பெய்யுமா, நான்கு மணி நேரத்தில் கொட்டுமா என்பதும் அறிவிப்பில் இருந்தால் அதை விடவே கூடாது. மழைநீர் வடிகால் தாங்குவதும் தாங்காததும் அதைப் பொறுத்தது.

நாள் பற்றியும் ஒரு சிக்கல் இருக்கிறது. மழை அளவு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை எடுக்கப்படுவது. டிசம்பர் 18-ம் தேதி மழை என்று பட்டியலில் வருவதில் பெரும்பகுதி 17-ம் தேதி பெய்தது. ‘நேற்று பெய்த மழை’ என்று எழுதினால் படிப்பவர் தம் நினைவோடு ஒப்பிட்டுக் குழம்புகிறார். ‘நேற்று காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை’ என்று எழுதக் கூடுதலாக ஒரு வரிதான் தேவை.

இனி வினைச்சொல். தமிழில் ‘பெய்யும்’ என்பதற்கும் ‘பெய்யக்கூடும்’ என்பதற்கும் நடுவே ஒரு பெரிய வெளி இருக்கிறது. இந்திய வானிலைத் துறை தன் ஆங்கில அறிக்கையில் அந்த வெளியை அளந்து பிரித்திருக்கிறது. மழை பெய்யும் சாத்தியம் நூற்றுக்கு 25 முதல் 50 வரை என்றால் ‘லைக்லி’, 50 முதல் 75 வரை ‘வெரி லைக்லி’, 75-க்கு மேல் ‘மோஸ்ட் லைக்லி’. தமிழ்ச் செய்தியில் மூன்றும் ஒரே ‘கூடும்’ ஆகிவிடுகின்றன. மூன்றில் ஒரு பங்கு மட்டுமே நடக்கக்கூடியதும், ஏறக்குறைய நிச்சயமானதும் ஒரே தொனியில் காதில் விழுகின்றன. பிறகு எதை வைத்து எடைபோடுவது? நெல்லை இன்று அறுப்பதா, இரண்டு நாள் பொறுப்பதா என்று யோசிக்கும் விவசாயிக்கு 30-க்கும் 80-க்கும் உள்ள வேறுபாடுதான் முழு விஷயமே.

இதற்கு வழி தமிழிலேயே இருக்கிறது. ‘பெய்தாலும் பெய்யலாம்’, ‘பெய்யவே அதிக இடம் உண்டு’, ‘பெய்வது ஏறக்குறைய உறுதி’ என்று மூன்று தொடர்களை நிலையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘பத்துக்கு மூன்று’, ‘பத்துக்கு ஆறு’, ‘பத்துக்கு எட்டு’ என்று போடலாம். சதவீதத்தைவிடப் ‘பத்துக்கு இத்தனை’ என்பது நம் காதுக்குப் பழகிய கணக்கு. எந்தத் தொடரை எடுத்தாலும் எல்லா நாளும் அதே பொருளில் ஆள வேண்டும் என்பதுதான் முக்கியம். நடை சலிக்கக் கூடாது என்று துணை ஆசிரியர் சொல்லை மாற்றினால் அளவும் மாறிப்போகும்.

‘வாய்ப்பு’ என்ற சொல்லையும் மறுபடி யோசிக்கக் கேட்டுக்கொள்கிறேன். வேலை வாய்ப்பு, பேச வாய்ப்பு, நல்ல வாய்ப்பு என்று நல்லதற்கே புழங்கும் சொல் அது. ‘சுவர் இடிந்து விழ வாய்ப்பு’, ‘உயிர்ச்சேதம் ஏற்பட வாய்ப்பு’ என்று படிக்கும்போது அச்சம் வரவேண்டிய இடத்தில் ஏதோ மென்மை வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘இடிந்து விழும் அபாயம் உண்டு’ என்று எழுதத் தமிழுக்கு எந்தக் குறையும் இல்லை.

உறுதி குறைந்த இந்த மொழி வதந்திக்கு வாசல் திறந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் பொய்ச் செய்தி ஒருபோதும் ‘கூடும்’ என்று எழுதாது. ‘இன்று இரவு 2 மணிக்கு ஏரி உடையும்’ என்று நேரத்தோடு, முடிந்த முடிவாகச் சொல்லும். ஒரு பக்கம் இடமும் நேரமும் இல்லாத ‘கூடும்’, மறுபக்கம் இடமும் நேரமும் உள்ள ‘உடையும்’. பதற்றத்தில் இருப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிறங்களுக்கு வருகிறேன். மஞ்சளுக்கு ‘வாட்ச்’, ஆரஞ்சுக்கு ‘அலர்ட்’, சிவப்புக்கு ‘வார்னிங்’ என்று மூன்று தனிச் சொற்கள் மூல அறிக்கையில் உள்ளன. மஞ்சள் என்றால் செய்தியைக் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. தமிழில் மஞ்சள் எச்சரிக்கை, ஆரஞ்சு எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கை என்று மூன்றுக்கும் ஒரே ‘எச்சரிக்கை’. எல்லாமே எச்சரிக்கையானால் எதுவுமே எச்சரிக்கை ஆகாது. ‘மஞ்சள்: கவனியுங்கள்’, ‘ஆரஞ்சு: தயாராகுங்கள்’, ‘சிவப்பு: இப்போதே செயல்படுங்கள்’ என்று எழுதினால் செய்ய வேண்டியது சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் அதிகக் கேடு செய்யும் சொல் ‘வலுவிழந்தது’. தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல் என்ற படிநிலை முழுவதும் காற்றின் வேகத்தை மட்டும் வைத்துப் போட்டது. மணிக்கு 62 கி.மீ. தொட்டால் புயல், 89 தொட்டால் தீவிரப் புயல். மழை இந்தக் கணக்கில் சேர்த்தியே இல்லை. ஆகவே ‘புயல் வலுவிழந்தது’ என்றால் காற்று குறைந்தது என்று மட்டுமே பொருள். படிப்பவர் காதில் அது ‘ஆபத்து நீங்கியது’ என்று விழுகிறது.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. பின்னர் வலுவிழந்தது. அதன் பிறகுதான் உள்மாவட்டங்களில் பேய்மழை. கடலைப் பார்த்திராத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலை நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்களில் வெள்ளம் புகுந்தது. ‘கரையைக் கடந்தது’, ‘வலுவிழந்தது’ என்ற இரண்டு தலைப்புகளையும் படித்துவிட்டு நிம்மதியாகப் படுத்த ஒருவரைக் குறை சொல்ல முடியுமா? ‘காற்று தணிந்தது, மழை ஆபத்து தொடர்கிறது’ என்று ஐந்தே சொற்களில் தலைப்பு வைத்திருக்கலாம்.

‘கரையைக் கடக்கும் இடம்’ என்பதும் இப்படித்தான். 2023 டிசம்பர் 5 அன்று மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திரத்தின் பாபட்லா அருகே. சென்னை மூழ்கியது அதற்கு முந்தைய நாளில். புயலின் மையம் எங்கே ஏறுகிறது என்பதும் மழை எங்கே விழுகிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள். வரைபடத்தில் ஒற்றைக் கோடு போட்டு ஒரே ஒரு ஊரைக் குறித்தால், அந்தக் கோட்டுக்கு வெளியே உள்ளவர்களெல்லாம் தாங்கள் தப்பியதாக நினைப்பார்கள்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்குத் தனியாக நாலு வரி வேண்டும். ‘3-ம் எண் கூண்டு ஏற்றம்’, ‘7-ம் எண் கூண்டு ஏற்றம்’ என்று கொட்டை எழுத்தில் வருகிறது. எண் ஏற ஏற ஆபத்து அதே கணக்கில் ஏறுகிறது என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். அந்தக் கம்பத்தில் பகலில் தொங்கும் கூம்பும் உருளையும், இரவில் எரியும் சிவப்பு வெள்ளை விளக்குகளும் கப்பல் மாலுமிகளுக்கான மொழி. 1, 2 இரண்டும் தொலைவில் உள்ள கடலைப் பற்றியவை. 3, 4 துறைமுகத்தைப் பற்றியவை. 2 என்றால் தூரத்தில் புயல் உருவாகிவிட்டது, 3 என்றால் துறைமுகத்தில் பலத்த காற்றோடு கூடிய மோசமான வானிலை வரும். ஆக 3 என்பது 2-ஐவிடக் கடுமையானது என்று சொல்லிவிட முடியாது.

5, 6, 7 என்ற மூன்றிலும் ஆபத்தின் அளவு ஒன்றுதான். மாறுவது திசை. புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடந்தால் 5, வலப்பக்கம் விட்டுக் கடந்தால் 6, துறைமுகத்தின் மேலேயே அல்லது மிக அருகில் கடந்தால் 7. தீவிரமான புயலுக்கு இதே வரிசையில் 8, 9, 10. 11-ம் எண்ணுக்குப் புயலின் வேகத்தோடு சம்பந்தமே இல்லை. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

இந்தத் திசைதான் கரையில் இருப்பவருக்கும் உயிரான செய்தி. வங்கக் கடல் புயலின் காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. மேற்கு நோக்கி வந்து நம் கரையைக் கடக்கும் புயலுக்கு வலப்பக்கம் என்பது வடக்கு. அங்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசி, கடல்நீரைக் கரைக்குள் தள்ளும். தெற்கே காற்று நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசும். ஆகவே 6 ஏற்றிய ஊரில் கடல் உள்ளே வரும் அபாயம் 5 ஏற்றிய ஊரைவிட அதிகம். ஒரே ஒரு எண்ணுக்குள் இவ்வளவு செய்தி அடங்கியிருக்க, வெறும் எண்ணை மட்டும் அச்சிட்டு வாசகரை மிரட்டுவதில் என்ன பயன்?

கடைசியாக, அணை, ஏரி திறப்பு அறிவிப்புகள். செம்பரம்பாக்கம் உபரி நீர் பற்றிய அறிவிப்பின் வாசகம் ஆண்டுதோறும் ஒரே அச்சில் வருகிறது. சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை என்று ஏரிக்குப் பக்கத்து ஊர்களைப் பெயர் சொல்லிவிட்டு, ‘மற்றும் அடையாறு ஆற்றின் இருபுறமும் உள்ள தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று முடியும். அதிக மக்கள் வாழும் மணப்பாக்கமும் ஜாபர்கான்பேட்டையும் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் அந்த ‘மற்றும்’ என்ற ஒரு சொல்லுக்குள் புதைந்துவிடுகின்றன. தான் குடியிருக்கும் தெருவை ‘தாழ்வான பகுதி’ என்று அழைக்கிறவர் உலகத்தில் யாரும் இல்லை. அது வேறு யாரோ என்றே ஒவ்வொருவரும் நினைப்பார்கள்.

‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்றால் யார் கேட்பது? யாரிடம் திருப்பிக் கேட்பது? செயப்பாட்டு வினை பொறுப்பாளரை மறைத்துவிடுகிறது. வாக்கியமும் நாற்பது சொல் நீண்டு, செய்ய வேண்டிய காரியம் கடைசிச் சொல்லில் வருகிறது. தமிழில் வினை இறுதியில் வருவதால், வாக்கியம் நீளும் ஒவ்வொரு சொல்லும் செயலைத் தள்ளிப்போடுகிறது. கைப்பேசித் திரையிலோ அந்தக் கடைசிச் சொல் வருவதற்கு முன்பே செய்தி வெட்டுப்பட்டுவிடும்.

‘29,000 கன அடி’ என்பதும் அப்படியே நிற்கிறது. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு ஏறத்தாழ அவ்வளவு வெளியேறியது. ஒரு கன அடி 28.3 லிட்டர். கணக்குப் போட்டால் நொடிக்கு 8 லட்சம் லிட்டருக்கு மேல், அதாவது மேலே சொன்ன தண்ணீர் லாரிகளில் 68 ஒவ்வொரு நொடியும். சாத்தனூரின் 1.68 லட்சம் கன அடி என்றால் நொடிக்கு ஏறத்தாழ 400 லாரி. ஆற்றங்கரையில் இருப்பவருக்கு இதைவிடவும் வேண்டியது, தம் ஊர்ப் பாலத்தில் தண்ணீர் எந்த உயரத்தைத் தொடும், எத்தனை மணிக்கு என்பதுதான். அதை நீர்வளத் துறையிடமோ மாவட்ட நிர்வாகத்திடமோ கேட்டு வாங்க வேண்டியது செய்தியாளரின் வேலை. பதில் கிடைக்காவிட்டால், ‘எத்தனை மணிக்கு வரும் என்று அதிகாரிகள் சொல்லவில்லை’ என்று அதையே அச்சிடலாம். வாசகருக்கு அதுவும் ஒரு செய்தி.

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் படிக்கும் அறிவிப்புக்கு மொழி இன்னும் மாற வேண்டும். தெருமுனையில் நிற்பவருக்கு ஆட்டோ கடந்து போகும் சில நொடிகளே காதில் விழும். மாதிரிக்கு இப்படி எழுதலாம்: “ஆத்துல தண்ணி தொறந்துட்டாங்க. ராத்திரி பத்து மணிக்குள்ள பள்ளிக்கூடத் தெருவுக்கு வந்துரும். இப்பவே கெளம்பி மேட்டுத் தெரு மண்டபத்துக்குப் போங்க. சாப்பாடு, கரண்ட் ரெண்டும் அங்க இருக்கு.” ஒவ்வொரு வாக்கியமும் தனித்து நிற்கும். பாதியில் கேட்டாலும் ஏதோ ஒன்று புரியும். எழுத்துத் தமிழில்தான் அரசு பேச வேண்டும் என்பது சரிதான் என்றாலும், ஒலிபெருக்கிக்கு அந்த விதி பொருந்தாது.

தங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள்கள் சிறியவை. புயல் நாட்களில் அறிக்கை மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மாறுகிறது. நள்ளிரவில் அச்சேறி விடிகாலை ஆறு மணிக்கு வீடு சேரும் நாளிதழில், ‘நேற்றிரவு 11.30 மணி நிலவரம்’ என்று தலைப்புக்குக் கீழேயே போடுங்கள். ‘அடுத்த 24 மணி நேரத்தில்’ என்று எழுதாமல் கிழமையையும் மணியையும் எழுதுங்கள். தமிழ் அறிவிப்பையும் ஆங்கில அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடம், நேரம், அளவு, உறுதி, செய்ய வேண்டியது ஆகிய ஐந்தில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பக்கத்தை அனுப்புங்கள். பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. அதற்கு முன்பே 1 முதல் 11 வரை கூண்டு எண்களின் பொருளையும், மழை வகைகளின் செ.மீ. அளவையும் வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டும்படி ஒரு கால் பக்கத்தில் வெளியிடுங்கள். சென்னை, கடலூர், நாகை, பாம்பன், தூத்துக்குடி, புதுச்சேரி, காரைக்கால் என்று துறைமுகம் உள்ள ஊர்ப் பதிப்புகளிலாவது இது அவசியம் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கடலூர் முதுநகர்